சங்கு ஊதாத பன்னிரண்டு நாட்கள்

என் அண்ணன் வேலையை இழந்ததற்குக் காரணம் நான் எழுதிய ஒரு வரி. அந்த வரியில் பொய் எதுவும் இல்லை. அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன். அதன் கீழே விழுந்த முதல் கையெழுத்தும் அவருடையதுதான். இருந்தும் அதற்குப் பிறகு ஏழு வருடம் அவர் என்னோடு பேசவில்லை.

நான் சேலத்தில் ஒரு டைப்பிங் கடையில் வேலை செய்கிறேன். ஜெராக்ஸ், ஆதார் திருத்தம், பட்டா மாறுதல் எல்லாம் உண்டு என்றாலும் கடைக்குக் கூட்டம் வருவது திங்கட்கிழமைதான். அன்று கலெக்டர் ஆபீஸில் மனு வாங்கும் நாள். காலை எட்டு மணிக்கே கடை வாசலில் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டு, அதில் சுற்றி வளைப்பதை எடுத்துவிட்டு, அதிகாரி படிக்கிற மாதிரி ஒரு பக்கத்துக்குள் எழுதித் தருவேன். எங்கள் ஊரிலிருந்து எழுதப் படிக்கத் தெரிந்து வெளியே வந்த பெண்களில் நான் முதல் ஆள் இல்லை. ஆனால் மனு எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

சேலத்தில் வெள்ளைக்கல் என்றால் எல்லோருக்கும் நகரத்துக்கு வடக்கே இருக்கும் பெரிய சுரங்கங்கள்தான் நினைவுக்கு வரும். எங்களுடையது அதில் சேர்த்தி இல்லை. நாமக்கல் போகும் பக்கம், மெயின் ரோட்டிலிருந்து நான்கைந்து மைல் உள்ளே, வெளியூர்க்காரர் ஒருவர் குத்தகைக்கு எடுத்து நடத்திய சின்னச் சுரங்கம். அந்தச் சுரங்கத்துக்கு முன்னால் அங்கே ஊரே கிடையாது. கல்லும் வேலமரமும் நிறைந்த மேட்டுக்காடு. யாரோ கிணறு வெட்டப் போய் வெள்ளைக்கல் வந்தது என்பார்கள். இரும்பு உருக்கும் உலைகளுக்குள் வைத்துக் கட்டுகிற செங்கல் செய்ய அந்தக் கல் வேண்டுமாம். கல் வந்த பிறகு ஆட்கள் வந்தார்கள். எங்கள் அப்பா தம்மம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தார். அங்கே மழையை நம்பிய கூலி வேலை; இங்கே வருடம் முழுக்க வேலை. கம்பெனி இரண்டு வரிசையாக ஓட்டு வீடுகள் கட்டிக் கொடுத்தது. லைன் வீடு என்போம். இரண்டு வரிசை நான்கு வரிசையாயிற்று. ரேஷன் கடை வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, மூன்று டீக்கடைகள் வந்தன. கம்பெனி கேட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் லாரிகள் வரிசையில் நிற்கும்.

அம்மா கல் தட்டப் போவார். குழியிலிருந்து வரும் கல்லில் செம்மண்ணும் கருங்கல் சில்லும் ஒட்டியிருக்கும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சின்னச் சுத்தியலால் அதைத் தட்டி எடுத்து, வெள்ளையை மட்டும் தனியாகக் குவிப்பார்கள். மாலையில் அம்மா வீட்டுக்கு வரும்போது புருவம் நரைத்த மாதிரி இருக்கும். முகம் கழுவிய பிறகுதான் வயது குறையும். தூசி எல்லாவற்றின் மேலும் இருந்தது. முருங்கைக்கீரையை மூன்று தண்ணீரில் அலசினாலும் பல்லில் நறநறக்கும். வெள்ளைத் துணி மட்டும் எங்கள் ஊரில் அழுக்காகாது என்று கிண்டலாகச் சொல்வோம்.

அப்பாவுக்குச் சூளையில் வேலை. கல்லைச் சுட்டு இறக்குகிற இடம் அது. நாற்பது வயதைத் தாண்டியதும் இருமல் பிடித்தது. வாரம் ஒருநாள் வருகிற கம்பெனி டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "பீடிய விட்டுருங்க, சரியாப் போயிரும்" என்றார். அப்பா ஆயுளில் பீடி பிடித்தவர் இல்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதைச் சொல்லிச் சிரித்தார். "விடறதுக்காச்சும் இனிமேத்தான் பழகோணும் போல." சிரித்த சிரிப்பே இருமலாக மாறி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்த வருடம் இறந்துபோனார். அவருடைய வேலையை அண்ணனுக்குக் கொடுத்தார்கள். அண்ணனுக்குப் பத்தொன்பது வயது, எனக்குப் பதின்மூன்று. என்னைப் படிக்க வைத்தது அவர்தான். அதனால்தான் இதையெல்லாம் சொல்வது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அண்ணன் சூளைக்குப் போகவில்லை. வெடி வைப்பவருக்கு உதவியாகச் சேர்ந்து, பிறகு அதற்கான பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கினார். எங்கள் ஊரில் அந்தச் சான்றிதழ் வாங்கிய இரண்டாவது ஆள் அவர். அதைக் கண்ணாடி போட்டு அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். வேலையில் ரொம்பக் கவனம். எட்டுத் துளைக்கு வெடிமருந்து வைத்தால் எட்டுச் சத்தம் கேட்க வேண்டும். ஏழுதான் கேட்டது என்று தோன்றினால், மேஸ்திரி எவ்வளவு அவசரப்படுத்தினாலும் ஒருவரையும் உள்ளே விடமாட்டார்.

பகல் ஒரு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் வெடி. அதற்கு முன்னால் கம்பெனியின் மின்சாரச் சங்கு மூன்று முறை ஊதும். முதல் சங்குக்குப் பெண்கள் தண்ணீர்க் குடங்களை மூடுவார்கள். இரண்டாவதற்குப் பிள்ளைகளையும் ஆடுகளையும் உள்ளே இழுப்பார்கள். மூன்றாவதற்குத் தெருவில் கோழி கூட இருக்காது. குழி முதலில் தூரத்தில்தான் இருந்தது. வருடா வருடம் கல்லைத் தொடர்ந்து வெட்டிக்கொண்டே வந்து, கடைசியில் எங்கள் வரிசைக்குப் பின்னால் இருநூறு அடிக்குள் வந்துவிட்டது. சுவர்களில் வெடிப்பு விழுந்தது. சிமெண்ட் பூசுவோம், மறுபடி விழும்.

எனக்குக் கல்யாணம் ஆகிச் சேலத்தில் குடியிருந்தபோதுதான் சங்கின் மோட்டார் எரிந்துபோனது. சாமான் வர வேண்டும் என்றாராம் மேனேஜர். அதுவரைக்கும் மேஸ்திரி விசில் அடிப்பதாக ஏற்பாடு. காற்று குழிப் பக்கமாக அடித்தால் விசில் சத்தம் லைன் வீடுகளுக்கு வராது. வேலையை நிறுத்துங்கள் என்று சொல்கிறவர் யாரும் இல்லை.

அது ஒரு சனிக்கிழமை. அரைநாள் வேலை முடித்துவிட்டு அம்மாவைப் பார்க்க வந்திருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சின்ன வயதில் எனக்குத் தலை பின்னிவிட்டவர். "என்ன அம்மிணி, இளைச்சுப் போயிட்ட? ஊட்டுக்காரர் சோறு போடறதில்லையா?" என்று கேட்டார். நான் செருப்பைக் கழற்றிக்கொண்டே ஏதோ பதில் சொன்னேன். விசில் சத்தம் கேட்டதா என்று பிறகு பலர் என்னிடம் கேட்டார்கள். கேட்டதா இல்லையா என்று எனக்கே இப்போது தெரியவில்லை. வெடிச் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஓட்டின் மேல் சின்னச் சில்லுகள் மழை மாதிரி விழுந்தன. அவற்றோடு தேங்காய் அளவில் ஒரு கல்லும் வந்தது.

அக்கா கத்தவில்லை. பாத்திரங்களுக்கு நடுவில் ஒருபக்கமாகச் சாய்ந்தார். கல் இடுப்பில் விழுந்து பக்கத்தில் உருண்டு கிடந்தது. என் அம்மாதான் கத்தினார். குழியிலிருந்து முதலில் ஓடி வந்தது அண்ணன். தலையில் ஹெல்மெட், கையெல்லாம் மருந்து வாசனை. வாசலைப் பார்த்ததும் அப்படியே நின்றார். பிறகு கயிற்றுக் கட்டிலைத் தூக்கி வந்து, நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து அக்காவை அதில் கிடத்தி, கம்பெனி ஜீப்பில் ஏற்றினோம். சேலம் பெரியாஸ்பத்திரி வரைக்கும் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டே அண்ணன் வந்தார்.

அக்கா உயிர் பிழைத்தார். இடுப்பு எலும்பு நொறுங்கிவிட்டது, இனி நடப்பது கஷ்டம் என்றார்கள்.

மறுநாள் காலையில் ஊர்க்காரர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அக்காவின் கணவர் கல் லாரி ஓட்டுகிறவர். லோடு இறக்கிவிட்டு அப்போதுதான் ஆஸ்பத்திரி போய்த் திரும்பியிருந்தார். கண் சிவந்திருந்தது.

"அம்மிணி, இத இப்படியே உட்டா நாளைக்கு இன்னொருத்தர் தலையில உழுகும். கலெக்டருக்கு எழுதிக் குடு. நாங்க எல்லாரும் கையெழுத்துப் போடறோம்" என்றார்.

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் கதவு நிலையில் சாய்ந்து நின்றிருந்தார். வெடி வைத்தது அவர். அது எல்லோருக்கும் தெரியும். யாரும் அவரைக் குறை சொல்லவில்லை.

"அண்ணா, எழுதட்டுங்களா?"

"எழுது. உள்ளத எழுது."

"சங்கு எத்தன நாளா ஊதலைங்க?"

அவர் விரல் விட்டு எண்ணினார். "நேத்தோட பன்னெண்டு நாளு."

நான் எழுதினேன். எனக்குப் பழக்கமான வேலை. பெறுநர், பொருள், ஐயா என்று போட்டு, குழி வீடுகளுக்கு எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டது, சுவர் வெடிப்புகள், அக்காவின் நிலைமை எல்லாவற்றையும் வரிசையாக வைத்தேன். நடுவில் அந்த வரி: 'கடந்த பன்னிரண்டு நாட்களாக வெடி வைப்பதற்கு முன் அபாயச் சங்கு ஊதப்படவில்லை.' படித்துக் காட்டினேன். அண்ணன் பேனாவை வாங்கி முதலில் கையெழுத்துப் போட்டார். பிறகு மற்றவர்கள். கைநாட்டுக்கு என் கடையிலிருந்து எடுத்து வந்த மைப்பெட்டியைக் கொடுத்தேன். நன்றாக எழுதியிருக்கிறேன் என்று உள்ளுக்குள் ஒரு திருப்தி கூட இருந்தது.

இரண்டு வாரத்தில் விசாரணைக்கு ஆட்கள் வந்தார்கள். என் மனுக்களில் பாதிக்குப் பதிலே வந்ததில்லை, இதற்கு இவ்வளவு சீக்கிரம் ஆள் வந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டேன். அவர்கள் முதலில் கேட்டது வெடி நோட்டை. ஒவ்வொரு வெடிக்கும் எத்தனை துளை, எவ்வளவு மருந்து, சங்கு ஊதியதா என்று வெடி வைத்தவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டிய நோட்டு அது. அப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது. அந்தப் பன்னிரண்டு நாளும், இரண்டு வேளையும், 'சங்கு ஊதப்பட்டது' என்று அண்ணன் கையெழுத்தில் இருந்தது. விபத்து நடந்த நாளிலும் இருந்தது.

மேனேஜர் சொல்லித்தான் அண்ணன் எழுதியிருக்கிறார். "வழக்கமா எழுதற மாதிரியே எழுதிட்டுப் போப்பா, மோட்டார் வந்துரும்" என்றிருக்கிறார் மேனேஜர். விசாரணையில் மேனேஜர், தான் அப்படிச் சொல்லவே இல்லை என்றார். சங்கு கெட்டுப்போனதே தன் கவனத்துக்கு வரவில்லை என்றார். ஒரு பக்கம் ஊரே கையெழுத்துப் போட்ட மனு, இன்னொரு பக்கம் நோட்டு. இரண்டிலும் அண்ணன் கையெழுத்து. மனு உண்மையென்றால் நோட்டு பொய். நோட்டைப் பொய்யாக எழுதியவர் அண்ணன்.

சான்றிதழை ரத்து செய்தார்கள். கம்பெனி அவரை வேலையிலிருந்து எடுத்தது. மேனேஜர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். அக்காவின் வைத்தியச் செலவைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. புது மோட்டார் மூன்றே நாளில் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் ஊருக்குப் போனபோது சுவரில் அப்பா படம் மட்டும் இருந்தது. பக்கத்தில் ஆணி இருந்தது. அண்ணன் உள்ளே படுத்திருந்தார்.

"அண்ணா, இன்னொரு மனு எழுதறனுங்க. மேனேஜர் சொல்லித்தான் நோட்டுல எழுதுனீங்கன்னு போடறேன். மேஸ்திரிக்கும் தெரியுமுங்களே, அவரு சாட்சி சொல்லுவாரு."

அவர் எழுந்து உட்கார்ந்தார். கோபமாகப் பார்ப்பார் என்று நினைத்தேன். கோபம் இல்லை. "போதும் பாப்பா. நீ எழுதுனது போதும்" என்றார். அதுதான் கடைசிப் பேச்சு.

அண்ணி பேசினார். "படிச்ச பொண்ணுதான? எழுதறதுக்கு முந்தி அந்த நோட்டு கீட்டு இருக்குதான்னு ஒரு வார்த்த கேக்கக் கூடாதா? அவருக்கு அது தோணல. உனக்குமா தோணல?"

ஒரு மாதத்தில் அண்ணன் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் சேர்ந்து வடக்கே போய்விட்டார். ஆழ்துளைக் கிணறு போடும் வண்டி. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று மாதக்கணக்கில் வண்டியோடு சுற்ற வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை வருவார். நான் வீட்டுக்கு வருகிறேன் என்று தெரிந்தால் அன்று எங்காவது கிளம்பிப் போய்விடுவார்.

அவர் போய் இரண்டு வருடத்துக்குப் பிறகு சுரங்கத்தின் குத்தகைக் காலம் முடிந்தது. புதுப்பிக்கப் புதிய அனுமதிகள் வேண்டும் என்றார்கள். கம்பெனி கேட்டில் சங்கிலி போட்டது. ஒரு மாதத்தில் திறந்துவிடும் என்றார்கள், பிறகு தை பிறந்தால் திறக்கும் என்றார்கள். குழியிலிருந்து தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த மோட்டார்களைக் கழற்றி லாரியில் ஏற்றிய அன்றுதான் ஊர் நம்பியது.

பழி என் மேல் வந்தது. குழாயடியில் அம்மாவைப் பார்த்துக் கேட்டார்களாம். "உம்பட மக நல்லா எழுதுனா போ. அண்ணன் வேலையும் போச்சு, ஊரு வேலையும் போச்சு." கையெழுத்துப் போட்டவர்களே அப்படிச் சொன்னார்கள். நான் மனு எழுதியதால்தான் அனுமதி கிடைக்கவில்லையா என்று தெரிந்துகொள்ள ஆபீஸில் பழக்கமான ஒரு கிளார்க்கிடம் விசாரித்தேன். அவர் நல்ல மனுஷர். ஃபைலைத் தேடிப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "குத்தகை எப்படியும் முடிஞ்சிருக்குமுங்க. ஆனா உங்க மனுவும் ஃபைல்ல இருக்குதுங்க." அதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் இதுவரை தெரியவில்லை.

ஊர் ஒரே நாளில் காலியாகவில்லை. முதலில் லாரிக்காரர்கள் போனார்கள். அவர்களை நம்பியிருந்த டீக்கடைகள் போயின. இளவட்டங்கள் குமாரபாளையத்துக்குத் தறி ஓட்டவும், நாமக்கல் பக்கம் கோழிப் பண்ணைகளுக்கும் போனார்கள். பிள்ளைகள் குறைந்ததும் பள்ளிக்கூடத்தைப் பக்கத்து ஊரோடு சேர்த்தார்கள். வீட்டைப் பூட்டிவிட்டுப் போனவர்கள் ஆறு மாதம் கழித்து வந்து பார்த்தால் ஓடும் நிலையும் இருக்காது. யார் எடுத்தது என்று யாரும் கேட்கவில்லை; எடுத்தவர்களும் அடுத்த மாதம் போய்விட்டார்கள். குழியில் தண்ணீர் ஏறி, பாசி படிந்து, பச்சையாக நின்றது. குளிக்கப் போன வெளியூர்க் கல்லூரிப் பையன் ஒருவன் அதில் மூழ்கி இறந்த பிறகு சுற்றிலும் முள்கம்பி போட்டார்கள். தூசி மட்டும் அடங்கிவிட்டது. அம்மா கீரையை ஒரே தண்ணீரில் அலசிவிட்டு என்னிடம் காட்டுவார். "பாரு சாமி, எவ்வளவு சுத்தமா இருக்குது. யாருக்கு ஆக்கிப் போடறது?"

கடைசியில் நான்கு வீடுகளில்தான் ஆள் இருந்தது. ஒன்றில் அம்மாவும் அண்ணியும் அண்ணன் மகளும், பக்கத்து வீட்டில் அக்காவும் அவர் கணவரும், இன்னும் இரண்டு குடும்பம்.

போன வருடம் ஒரு திங்கட்கிழமை, கடையில் கூட்டத்துக்கு நடுவில் தலை நிமிர்ந்து பார்த்தேன். பெஞ்சில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். முன்னால் மூன்று பேர் இருந்தார்கள். அவர் தன் முறைக்காகக் காத்திருந்தார். எழுந்து போய், "அண்ணா, உள்ள வாங்க" என்றேன்.

"இருக்கட்டும். அவிய முடிக்கட்டும்" என்றார்.

முறை வந்ததும் எதிரில் உட்கார்ந்தார். தலை பாதி நரைத்திருந்தது. வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. ரிக்கில் குழாய் இறக்கும்போது சங்கிலியில் மாட்டிக்கொண்டதாம். அம்மா என்னிடம் அதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று அவர்தான் சொல்லியிருக்கிறார்.

"ஒரு மனு எழுதோணும்" என்றார். "மைன்ஸ யாரோ புதுசா எடுக்கறாங்களாம். மறுபடி தொறக்கறதுக்குக் கூட்டம் போட்டு ஊரக் கேக்கறாங்க. தொறக்கோணும்னு நம்ம நாலு ஊட்டு சார்பா குடுக்கோணும். போனவங்களும் கையெழுத்துப் போடறங்கறாங்க."

"என்னையவா எழுதச் சொல்றீங்க?"

"நீ எழுதுனா ஆளு வந்து பாக்கறாங்கல்ல." அவர் முகத்தில் கிண்டல் இல்லை.

"அப்பாவ நெனச்சுப் பாருங்கண்ணா" என்றேன்.

"நெனைக்காம இல்ல. ஏழு வருசமா ஊரு ஊரா ஓட்ட போட்டேன் பாப்பா. எங்கயும் ஒருநாள் நிம்மதியா உக்காந்து சாப்பிடல. எம்புள்ள என்னைய மாமான்னு கூப்புட்டுது ஒரு தடவ. ஆளு அடையாளம் தெரியாம." கையை மேசைக்குக் கீழே இறக்கிக்கொண்டார். "தூசியில சாகறதா, இப்படி அலையறதான்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல. ஆனா அங்க ஊடு இருந்துச்சு."

நான் எழுதினேன். இந்த முறை ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி, "இதனால யாருக்காச்சும் கேடு வருமுங்களா?" என்று கேட்டேன். பின்னால் காத்திருந்தவர்கள் சலித்துக்கொண்டார்கள். வேலை உள்ளூர்க்காரர்களுக்கு, வாயை மூடும் முகமூடி, வருடத்துக்கு ஒருமுறை நெஞ்சுக்கு எக்ஸ்ரே, வேலை செய்கிற சங்கு. எல்லாவற்றையும் சேர்த்தோம். அச்செடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் இடது கையால் மெதுவாகக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாக அக்கா வீட்டுக்குப் போனோம். விபத்துக்குப் பிறகு அண்ணன் அந்த வாசலை மிதித்ததே இல்லை. அக்கா கட்டிலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நடப்பதற்கு வைத்திருக்கும் இரும்புச் சட்டம் நின்றது.

"வா சாமி, உக்காரு" என்றார் அண்ணனைப் பார்த்து. அண்ணன் உட்காரவில்லை. நான் மனுவைப் படித்துக் காட்டினேன். அக்கா கவனமாகக் கேட்டார். முடித்ததும் தலையை ஆட்டினார்.

"நல்லாத்தான் இருக்குது அம்மிணி. எல்லாரும் பொழைக்கோணும், அதுஞ் சரிதான். ஆனா நான் போட மாட்டேன்."

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அவரிடம் சொன்னார்: "உன் மேல எனக்கு வருத்தமில்ல சாமி. நீ ஓடியாந்து தூக்குனது எனக்கு ஞாபகம் இருக்குது. சங்கு ஊதோணும்னு எழுதியிருக்கறீங்க. ஊதட்டும். ஊதுனா எல்லாரும் உள்ள ஓடிருவீங்க. நான் இந்தச் சட்டத்தப் புடிச்சு எந்திரிக்கறதுக்குள்ள மூணு சங்கும் ஊதி முடிஞ்சிரும்."

அவர் கணவர் கொண்டுவந்த டீயை வாங்கிக் குடித்தோம். வெளியே வந்ததும் அண்ணன் மனுவை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதை அவர் யாரிடமும் கொடுக்கவில்லை.

கூட்டம் பழைய பள்ளிக்கூட மைதானத்தில் சாமியானா போட்டு நடந்தது. மேடையில் அதிகாரிகள், கீழே பிளாஸ்டிக் நாற்காலிகள், வீடியோ எடுக்க ஆள். சுற்று வட்டாரத்து விவசாயிகள் வந்து, தூசியில் பயிர் போகும், கிணறு வற்றும் என்று எதிர்த்துப் பேசினார்கள். எங்கள் ஊரை விட்டுப் போனவர்கள் இரண்டு வேன் பிடித்து வந்து, திறக்க வேண்டும் என்றார்கள். கூச்சல் பெரிதாயிற்று. அக்காவை அவர் கணவர் நாற்காலியோடு தூக்கி வந்து ஓரமாக உட்கார வைத்திருந்தார். அப்போது அண்ணன் மைக்கிடம் போனார். அவர் கூட்டத்தில் பேசி நான் பார்த்ததே இல்லை.

"நான் இங்க வெடி வெச்சவனுங்க" என்றார். "இந்தக்கா மேல கல்லு உழுந்த அன்னிக்குச் சங்கு ஊதலைங்க. ஊதுனதா நோட்டுல எழுதுனது நாந்தானுங்க. எழுதச் சொன்னாங்க, எழுதுனேன். எழுத மாட்டேன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. என்ற தங்கச்சி உள்ளத எழுதுச்சு. அதும் மேல ஒரு தப்பும் இல்லீங்க." மைக்கை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார். "மைன்ஸத் தொறங்க. வேண்டாங்கல. ஆனா வெடி வெக்கறதுக்கு முந்தி இந்த நாலு ஊட்டையும் தூரமா எங்கயாச்சும் கட்டிக் குடுத்துட்டுத் தொறங்க."

மேடையில் ஒருவர் குறிப்பெடுத்தார். சாமியானாவின் பின்வரிசையிலிருந்து யாரோ, "நாலு ஊட்டுக்காக நானூறு பேரு சோத்துல மண்ணா?" என்று கத்தினார். அண்ணன் மைக்கைக் கொடுத்துவிட்டு இறங்கினார். நான் அழுதுகொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அம்மாவுக்கு வெயில் ஆகாது, கூட்டிட்டுப் போ" என்றார்.

இதெல்லாம் நடந்து பல மாதம் ஆகிவிட்டது. முடிவு என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. நானும் ஆபீஸில் கேட்கிறேன். பரிசீலனையில் இருக்கிறது என்கிறார்கள். அம்மாவைச் சேலத்துக்கு என்னோடு அழைத்து வந்துவிட்டேன். மாடிப்படி ஏற முடியாமல் பாதியில் உட்கார்ந்துகொள்கிறார். ஊர்க்காரர்கள் சிலர் இப்போது என்னோடு பேசுகிறார்கள், சிலர் பேசுவதில்லை. அண்ணன் ரிக்குக்குத் திரும்பிப் போகவில்லை. பழைய லோடு ஆட்டோ ஒன்றை ஓட்டுகிறார். நான்கு வீட்டுக்கும் ரேஷன் கொண்டுவருவது, மாதம் ஒருமுறை அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது எல்லாம் அவர்தான்.

வாரம் ஒருமுறை எனக்குப் போன் செய்கிறார். நாங்கள் பேசுவது பெரும்பாலும் அம்மாவின் மாத்திரை, அவர் மகளின் படிப்பு. போன வாரம் வேறு ஒன்று சொன்னார். புதுச் சுரங்கத்துக்கு எல்லை அளக்க சர்வே ஆட்கள் வந்து, முள்கம்பிக்கு வெளியே இருக்கும் பாறைகளில் சிவப்பு பெயிண்ட்டில் குறி போட்டுவிட்டுப் போயிருக்கிறார்களாம்.

"நம்ம வரிசைக்குப் பின்னால ஒரு குறி, முன்னால ஒரு குறி போட்டிருக்கறாங்க" என்றார். "எதுவரைக்கும் உள்ள, எது வெளியன்னு கேட்டேன். அவங்களுக்கே தெரியல பாப்பா."

எழுதிக் கேட்கலாமா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. பிறகு அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டார்.